தையலுக்கு விட்ட கதவு

என் மனைவியின் தையல் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஆளுயரக் கண்ணாடியை. அடுத்து, வரிசையாகத் தொங்கும் நாட்டிய உடுப்புகளை. மூன்றாவதாக அவளை. கடைசியில், கிளம்பும்போது, மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் என்னை. அதுவும் கரன்ட் ரீடிங் எடுக்க வந்த ஆள் இன்னும் போகவில்லையா என்கிற பார்வை. அலமாரியின் ஓரத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை தவறாமல் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் போய் அந்த ஸ்டூலில் நான் உட்காருவதே, என்றாவது ஒருவர் பார்த்துவிட மாட்டாரா என்றுதான்.

நானாக ஆரம்பித்துப் பார்த்ததும் உண்டு. மகளுக்கு அளவு கொடுக்க வந்த ஓர் அம்மாவிடம், "இந்த ஓரத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்களேன்" என்றேன். அவர் பயந்துபோய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா தொடைச்சு வச்சிருக்கீங்க" என்றார். அன்றைக்கே கடையில் எனக்குப் பேச்சு நிறுத்தப்பட்டது.

அந்த அலமாரியும் அதன் பக்கத்துத் திறந்த அடுக்கும் நான் செய்தவை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசாங்க ஆபீஸில் கோப்பு நகர்த்தும் கையால் செய்தவை. அதற்கு முன் நான் செய்த மரவேலைகள் மொத்தம் இரண்டு. ஒன்று, செருப்பு வைக்கிற தாங்கி. அதில் செருப்பு வைக்காதவரை நன்றாக நின்றது. இன்னொன்று, வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில். அதன் கூரை சரிந்து மூன்று ராஜாக்களில் ஒருவருக்குத் தலை போயிற்று. இன்றுவரை எங்கள் வீட்டுப் பாலன் இயேசுவைப் பார்க்க இரண்டு ராஜாக்கள்தான் வருகிறார்கள்.

இப்படிப்பட்டவன் எப்படி அலமாரி செய்யப் போனேன் என்றால், வாயால்தான்.

என் மனைவி தைப்பது நாட்டிய உடுப்பு. சிதம்பரத்தில் ஆடுகிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. எட்டு வருஷம் அவள் அங்கே அடுத்தவர்கள் கடையில் உட்கார்ந்து தைத்தாள். அந்த உடுப்பில் முன்பக்கம் ஒரு விசிறி வரும். பட்டுத் துணியை மடிப்பு மடிப்பாக எடுத்து, அழுத்தி, பிள்ளை அரைமண்டியில் உட்காரும்போது மயில் மாதிரி விரிகிற விசிறி. ஒரு விசிறிக்கு ஒரு நாள் போய்விடும். அவள் வேலை பார்த்த கடையில் துணி வைக்கும் அடுக்கு வெறும் பிளைவுட். அறுத்த ஓரத்தை அறுத்தபடியே விட்டிருந்தார்கள். அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பிள்ளையின் விசிறி அந்த ஓரத்துச் சிராயில் மாட்டியது. பட்டில் ஓர் இழை இழுபட்டால் குறுக்கே ஒரு கோடு விழும்; அதை நீவி எடுக்க முடியாது. முழு விசிறியையும் பிரித்து, புதுத் துணி போட்டு, மறுபடி மடித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அடுக்கில் எதை வைத்தாலும் எடுத்தாலும் இடது உள்ளங்கையைப் பலகை ஓரத்தில் வைத்து மூடிக்கொள்வாள். சிராய் குத்தினால் கையில் குத்தட்டும், பட்டில் குத்தக் கூடாது. ஒருமுறை அவளை அழைத்துவரப் போனவன் வாசலில் நின்று இதைப் பார்த்தேன். கூட்டத்தில் குழந்தையின் தலை எங்கும் இடிக்காமல் கைவைத்துக் கூட்டிப்போவோமே, அப்படி இருந்தது.

போன வருஷம் மாமனார் வீட்டு முன்னறை காலியாயிற்று. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. வாசல் தெருவைப் பார்த்தது. "இங்கியே நம்மளே போட்டுடலாங்க" என்றாள். கடைக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டேன். மெஷின் இருக்கிறது, கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அலமாரி?

"எனக்கு அலமாரிகூட வேணாங்க. ஓரம் வேணும். கை வைக்காம துணி வைக்கிற மாதிரி ஓரம்."

அவளுடைய தம்பிக்குச் சிதம்பரத்தில் இன்டீரியர் வேலை. பிளைவுட் பலகையின் முகத்துக்கு மைக்கா ஒட்டி அழகு பண்ணிவிடலாம். அறுத்த ஓரத்தில் மட்டும் அடுக்குகள் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். அதை மூட ரிப்பன் மாதிரி மெல்லிய பட்டை ஒட்டுவார்கள். எட்ஜ் பேண்ட் என்று பெயர். மச்சானிடம் அதற்கென்றே மெஷின் இருந்தது. பலகையை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் ஓரம் மூடி, சீவி, பளபளவென்று வெளியே வரும். ஆனால் அது ஆடி மாதம். ஆவணியில் புதுமனை புகுகிற எல்லோரும் ஆடியில்தான் அவன் கழுத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏழு வீட்டு கிச்சன் நிக்குதுக்கா. ஆவணி கடைசியில பண்ணித் தரேன்" என்றான் போனில்.

ஆவணி முதல் சனிக்கிழமையே கடை திறப்பதாகப் பங்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. மூன்று நாட்டிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உடுப்பு ஒப்புக்கொண்டும் ஆயிற்று. மனைவி போனைக் கையில் வைத்தபடி காலண்டரைப் பார்த்தாள். அந்த இரண்டு விநாடியில்தான் என் வாய் திறந்துகொண்டது.

"நான் செய்யறேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் மச்சான் சிரித்த சிரிப்பில், அவன் கடையில் ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"மாமா, குடில் ஞாபகம் இருக்கா?"

"அது ஓலை மச்சான். இது பிளைவுட்."

"சரி மாமா. செய்ங்க. ஆனா தெறப்பு அன்னைக்கு நான் வருவேன். அக்காவோட ஜார்ஜெட் துப்பட்டாவ எடுத்து எல்லா ஓரத்துலயும் ஒரு இழு இழுப்பேன். ஒரு எடத்துல மாட்டுச்சுன்னாலும் மொத்தத்தையும் வண்டியில ஏத்திடுவேன். தேறுச்சுன்னா நம்ம கோழிக்கூண்டுக்கு ஆவும்."

ஜார்ஜெட் என்பது காற்றில்கூட மாட்டிக்கொள்கிற துணி. மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "மாட்டுச்சுன்னா ஏத்திக்கட்டுங்க" என்றாள் மெதுவாக. "எனக்கு இன்னொரு விசிறி பிரிக்கத் தெம்பில்லை."

அவன் சொன்னதைவிட இதுதான் எனக்குப் பயம் தந்தது.

பலகைகளைக் கடலூரிலேயே ஒரு பிளைவுட் கடையில் வாங்கினேன். அளவு எழுதிக் கொடுத்தால் மெஷினில் அறுத்துத் தருவார்கள். முதலில் அலமாரியின் பெட்டிக்கும் பக்கத்து அடுக்குக்கும் மட்டும் அறுத்து வாங்கினேன். பெட்டி முடிந்த பிறகு, கதவு உட்காரும் வாயை அளந்து கதவுக்கு அறுப்பதாகத் திட்டம். அதுவரை யோசித்ததில் அது ஒன்றுதான் புத்திசாலித்தனம். அதிலும் மண் விழப்போவது பிறகுதான் தெரிந்தது.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகையின் கீழ் வேலை தொடங்கியது. நான் வாங்கியது பின்பக்கம் பசை பூசியே வரும் பட்டை. ஓரத்தில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இருந்தது மனைவியின் இஸ்திரிப் பெட்டி. அவள் அதை என்னைவிட நன்றாக வைத்துக்கொள்பவள். அவள் சிதம்பரம் கிளம்பிய பிறகு எடுத்தேன்.

சூடு ஜாஸ்தியாக இருந்தால் சீக்கிரம் ஒட்டும் என்று குமிழைக் காட்டனில் வைத்தேன். பட்டை அப்பளம் மாதிரி சுருண்டு எழுந்தது. பசை இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. அடுத்த பட்டைக்கு உஷாராகி, நடுவில் ஒரு காகிதம் வைத்துத் தேய்த்தேன். கைக்கு வந்தது அன்றைய செய்தித்தாள். ஒட்டிவிட்டுக் காகிதத்தை எடுத்தால், தந்த நிறப் பட்டையின் மேல் யாரோ ஒரு பெரியவரின் பாதி மீசையும் 'கண்ணீர் அஞ்சலி'யில் நான்கு எழுத்தும் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் எழுத்துப் போயிற்று. மீசை போகவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். நான் மீசையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாங்க இது, தேன் ஊத்துனீங்களா?"

சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய் ஒரு மெல்லிய வெள்ளை மல் துணியைக் கொண்டுவந்தாள். பட்டுத் துணிக்கு இஸ்திரி போடும்போது மேலே விரிக்கிற துணி.

"குமிழ சில்க்குல வைங்க. பொட்டிய ஓட்டாதீங்க, வச்சு வச்சு எடுங்க. சூடு உள்ள எறங்கணும். எறங்குனதும் ஆர்ற வரைக்கும் ஒரு கட்டையால அழுத்திப் பிடிங்க. பட்டுக்குப் பண்றதுதான் இதுக்கும்."

அப்படியே ஒட்டியது. விரலால் தட்டிப் பார்த்தேன். பலகையோடு பிறந்தது மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலை மாடிக்குப் போனால் ஆறு பட்டையில் நான்கு நுனி தூக்கி எனக்கு நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தன. காரணம் ஆடிக் காற்று. பக்கத்துக் காலி மனையின் மண் முழுவதும் என் பலகையின் ஓரத்தில்தான் குடியிருந்தது. நான் ஒட்டியது பலகையின் மேல் இல்லை, மண்ணின் மேல். பிறகு கொட்டகைக்கு மூன்று பக்கமும் பழைய புடவை கட்டினேன். ஒவ்வோர் ஓரத்தையும் முதலில் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்துத் தொட்டேன். பக்கத்து மாடியில் வற்றல் காயவைக்க வந்த அம்மா, "என்னா சார், மாடியில யாருக்குப் பிரசவம்?" என்று கேட்டார்.

ஒட்டுவது பாதிதான். பட்டை பலகையைவிட அகலமாக இருக்கும். இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருப்பதைச் சீவ வேண்டும். பிளேடை நேராகப் பிடித்தால் பட்டை சில்லுச் சில்லாகப் பெயரும். சாய்த்துப் பிடித்து, ஒரே ஓட்டமாக இழுத்தால் சுருள் சுருளாக வரும். கடைசியில் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் வெளியிலிருந்து உள்நோக்கி, ஒரே திசையில் தடவ வேண்டும். திருப்பித் தடவினால் ஒட்டியது எழும். மூலையில் எந்தப் பட்டை மேலே வருவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பக்கத்தை முதலில் ஒட்டி, முகப்பைக் கடைசியில் ஒட்டினால் முன்னாலிருந்து இணைப்புத் தெரியாது. இதை நானாகக் கண்டுபிடித்தபோது, நியாயமாகப் பார்த்தால் அன்று ஊரில் வெடி வெடித்திருக்க வேண்டும்.

வேலை எல்லாம் காலையில் ஆபீஸுக்கு முன்னாலும் விடுமுறை நாட்களிலும்தான். விரல் நுனியெல்லாம் சூடுபட்டு, பசை படிந்து, ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் வருகைப் பதிவு மெஷின் என் விரலை ஏற்க மறுத்தது. பத்து விரலையும் வைத்தேன். பத்தும் நான் இல்லை என்றது. பின்னால் வரிசையில் நின்ற சக ஊழியர், "சார், வேணும்னா கால் வெரல வச்சுப் பாருங்க. அரசாங்கத்துக்கு அடையாளம் தெரியாம போயிட்டா சம்பளம் யாருக்குப் போவும்?" என்றார். நான் கையை விரித்து, "அலமாரி செய்யறேன்" என்றேன். வெட்கமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் தோளை உயர்த்திச் சொன்னதாகத்தான் நினைவு.

பெட்டியும் அடுக்கும் முடிந்தன. திறப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இனி கதவு. மேலே இரண்டு, கீழே இரண்டு. வாயை மூன்று முறை அளந்தேன். காகிதத்தில் எழுதப்போகும்போது, பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டேன்.

"அளந்தத அப்படியே எழுதிடட்டுமா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தையலுக்கு விடாம யாராவது வெட்டுவாங்களா? நாலு பக்கமும் காலங்குலம் விடுங்க."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இத்தனை வருஷம் அவள் வெட்டிய எதுவும் பத்தாமல் போனதில்லை. பட்டை ஒட்டவும் கொஞ்சம் இடம் வேண்டாமா? நாலு பக்கமும் காலங்குலம் கூட்டி எழுதினேன். பிளைவுட் கடையில் அறுக்கிறவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"சார், இது பெட்டி வாய்க்குள்ள உக்கார்ற உள்கதவுதானே? வாயளவு எழுதுனீங்களா, கதவளவு எழுதுனீங்களா?"

"கதவளவுதான். தையலுக்கு விட்டிருக்கு" என்றேன், தொழில் தெரிந்தவன் குரலில்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சில பேரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று தொழிலில் அவருக்கும் ஓர் அனுபவம் இருக்கும்.

அந்த நான்கு கதவுகளுக்கும் நான் ஒட்டிய ஓரங்கள்தான் அதுவரை ஒட்டியதில் சிறந்தவை. கை பழகியிருந்தது. மல் துணி, சில்க் சூடு, சாய்ந்த பிளேடு, ஒரே திசை. பதினாறு ஓரம். கண்ணை மூடித் தடவினால் பலகை எங்கே முடிகிறது, பட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. மனைவியைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லித் தடவவைத்தேன். "நல்லாருக்குங்க" என்றாள். அவள் 'ங்க'வை நீட்டிய விதத்தில் நான் ஓரடி வளர்ந்தேன்.

ஒரு கதவைத் தூக்கி வாயில் வைத்தேன். போகவில்லை. திருப்பி வைத்தேன். போகவில்லை. தட்டினேன். கதவு பெட்டியின் வாய்க்கு வெளியே, வாசலில் நிற்கும் கடன்காரன் மாதிரி அசையாமல் நின்றது.

இருவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம். துணிக்குக் கூட்டி வெட்ட வேண்டும். அது உள்ளே மடங்கும். பலகை எங்கே மடங்கும்? பலகைக்குக் குறைத்து வெட்ட வேண்டும். பட்டையின் பருமனுக்கும் குறைக்க வேண்டும், கதவு திறந்து மூடவும் குறைக்க வேண்டும்.

"நான் சொன்னா? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றாள் மனைவி.

"நீதான் சொன்னே."

"நான் தையக்காரி. நான் தையலுக்கு விடத்தான் சொல்வேன். நீங்கதானே ஆசாரி?"

என்னை அவள் ஆசாரி என்று சொன்னது அதுதான் முதல் முறை. சொன்ன இடம் சரியில்லை என்றாலும் மனதில் குறித்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யார் முட்டாள் என்ற கேள்விக்கு நான் என்று சுமுகமாக முடிவு செய்தோம்.

சிரித்து முடித்ததும் நாள் எண்ணினேன். ஏழு நாள் இருந்தது. மச்சானுக்குப் போன் போட்டேன், வேறு வழியில்லை. அவன் இந்த முறை சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"மாமா, கவலைப்படாதீங்க. கதவ உள்ள வைக்காதீங்க. மொகத்து மேல வச்சு அடிச்சிடுங்க. கீல் நான் வேற கொடுத்தனுப்பறேன். காலங்குலம்தானே ஜாஸ்தி, உக்காந்துடும். யாருக்குத் தெரியப்போவுது?"

மனைவியும், "அப்படியே பண்ணிடுங்க. கதவு மூடுனா போதும்" என்றாள். சொல்லும்போது அவளுடைய இடது கை, தன்னை அறியாமல், கதவின் ஓரத்தில் படுத்திருந்தது.

மேலே வைத்து அடித்தால் கதவு பெட்டியின் முகத்தைவிட முக்கால் அங்குலம் துருத்தி நிற்கும். அந்த அறை அகலம் குறைவு. தையல் மெஷினிலிருந்து எழுந்து திரும்பினாலே கை நிறையப் பட்டோடு அந்த நான்கு துருத்திய விளிம்புகளை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு பேரும் மேலே அடி என்கிறார்கள். அடித்துவிட்டால் இன்று மத்தியானமே வேலை முடிந்தது. அவள் கேட்டது அலமாரி அல்ல, ஓரம். நான் சோம்பேறி என்பது ஊரறிந்தது. அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"இல்ல. மறுபடியும் பண்றேன்."

நான்கு கதவுகளையும் ஆட்டோவில் ஏற்றி அதே கடைக்கே கொண்டுபோனேன். அறுக்கிறவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"இன்னா சார், தையலப் பிரிக்கணுமா?"

"பிரிச்சிடுங்க."

என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பதினாறு ஓரங்களும் ஒவ்வொன்றாக ரம்பத்தில் போய், சுள்ளி மாதிரி மரத்தூளில் விழுந்தன. அவற்றில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டேன். எதற்கென்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

அடுத்த ஐந்து காலைகளில் மறுபடி பதினாறு. சீக்கிரம் எழுந்து, புடவைத் தடுப்புக்குள் போய், துடைத்து, ஒட்டி, அழுத்தி, சீவி. மனைவி ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன் இருபது நிமிஷம் வந்து நின்று, நான் சூடு வைத்துக்கொண்டே போக, பின்னாலேயே கட்டையால் அழுத்திக்கொண்டு வருவாள். வெள்ளிக்கிழமை காலை நான்காவது கதவு வாயில் போய் உட்கார்ந்து, ஒரு மெல்லிய 'டப்' சத்தத்தோடு மூடியது. திறந்தேன். மூடினேன். ஆபீஸுக்கு அன்று முக்கால் மணி நேரம் தாமதம்.

அன்று மத்தியானம் அரை நாள் லீவு போட்டு, குட்டியானை வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றினோம். ஓரங்கள் இடிபடாமல் இருக்க மனைவி பழைய உள்பாவாடைகளை எடுத்து ஒவ்வொரு மூலைக்கும் கட்டியிருந்தாள். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது நான் முன்சீட்டிலிருந்து "ஐயோ" என்றேன்.

"உள்ள கண்ணாடியா சார்?" என்றார் டிரைவர்.

"அலமாரி."

அவர் பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "அலமாரிக்கு எதுக்கு சார் பாவாட?"

வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் அவருக்கு எட்ஜ் பேண்ட் பற்றி விளக்கினேன். அதற்குப் பிறகு அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை. முன்னறை நிறைய ஆட்கள்: மாமனார், மாமியார், நாட்டியம் ஆடும் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர், பங்குச் சாமியார், கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு மச்சான். தெருவில் அவனுடைய வண்டி காலியாக நின்றது. மறக்காமல் கொண்டுவந்திருந்தான்.

சாமியார் ஜெபம் சொல்லி, மெஷினுக்குத் தீர்த்தம் தெளித்தார். கண்ணாடிக்குத் தெளித்தார். அலமாரியின் பக்கம் திரும்பினார். அதுவரை எனக்கு நினைவில்லாத ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது: பிளைவுட் ஓரத்துக்குத் தண்ணீர் ஆகாது. எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தால் உள்ளே இறங்கி ஊதிவிடும். சாமியார் தாராளமான கை உள்ளவர். அவர் தெளிக்கத் தெளிக்க, நான் பின்னாலேயே போய்த் தோள் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

சாமியார் நின்றார். "ஏம்ப்பா, ஆசீர்வாதத்த அப்பப்பவே துடைச்சிடுற?"

"இல்ல சாமி... பிளைவுட்டு..."

"ஒட்டுனது நீயா?"

"நான்தான் சாமி."

"அப்ப இன்னும் கொஞ்சம் தெளிக்கணும்" என்று சொல்லி, இன்னொரு முறை தெளித்தார். குடில் விஷயம் அவர் காது வரைக்கும் போயிருந்தது.

சாமியார் டீ குடித்துவிட்டுப் போனதும் மச்சான் கையை நீட்டினான். "துப்பட்டா குடுக்கா."

மனைவி துப்பட்டாவை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு விசிறியை எடுத்தாள். கரும்பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். முதல் ஆர்டர், நேற்றுத்தான் முடித்தது. அதற்குரிய பிள்ளையின் அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, வேணாம்" என்றான் மச்சான். நானும் அதையேதான் சொல்ல நினைத்தேன்.

"இதுதானே தெனமும் வைக்கப்போறேன்" என்றாள்.

அடுக்கின் மேல் பலகையில் ஆரம்பித்தாள். விசிறியின் விளிம்பை ஓரத்தில் சாய்த்து, மெதுவாக இழுத்தாள். பட்டு ஓரத்தின் மேல் நகரும் சத்தம் கேட்டது. மாட்டும் சத்தம் கேட்கவில்லை. இரண்டாவது பலகை. மூன்றாவது. மூலை. கதவைத் திறந்து அதன் பக்கவாட்டு. அடுத்த கதவு. கடைசிக் கதவிலிருந்து விசிறியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை.

மச்சானுக்கு மனம் ஆறவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, கதவின் அடிப்பக்கத்தில் நகத்தைக் கொடுத்துக் கீறினான். பிறகு கதவின் மேல் உச்சியில் விரலை ஓட்டினான். பிறகு அடுக்கின் பின்பக்கம், சுவரோடு ஒட்டி நிற்கும் பக்கத்தில், கையை நுழைத்துத் தடவினான். எழுந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, கதவுக்கு அடியிலகூட ஒட்டியிருக்கீங்க."

"ஆமா."

"செவுத்துப் பக்கம்?"

"ஒட்டியிருக்கேன்."

"யாரு மாமா பாக்கப்போறா? நாங்களே அதெல்லாம் ஒட்டமாட்டோம்."

நான் பெருமையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஒட்டாம விடலாம்னு எனக்குத் தெரியாது மச்சான்."

அவன் சிரித்த சிரிப்பு அன்று போனில் கேட்டது இல்லை. வேறு. தோளில் ஓர் அடி வைத்தான். "ஆவணியில ஆள் பத்தல. சனி, ஞாயிறு வரீங்களா?" என்றான். கேலிக்குத்தான் கேட்டான். ஆனாலும் கேட்டான் இல்லையா? போகும்போது கீழ் அடுக்கைப் பார்த்து, "இது இன்னா மாமா, மீச மாதிரி?" என்றான். அது மரத்தின் டிசைன் என்றேன். காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

கடை திறந்து இப்போது ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் பொறுக்கிவந்த அந்தச் சுள்ளியை மனைவி பிடுங்கிக்கொண்டாள். வழவழவென்று இருக்கிறதாம், விசிறி மடிப்பை அழுத்த அதைவிட நல்ல கட்டை இல்லையாம். ஓரம் எங்கும் எழவில்லை. ஐப்பசி மழைக்கும் எழவில்லை.

ஆனால் இத்தனை மாதமும் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. துணி வைக்கும்போதும் எடுக்கும்போதும் அவளுடைய இடது கை வழக்கம்போல ஓரத்தை மூடிக்கொண்டுதான் இருந்தது. நம்பிக்கை இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "கை தானா போவுதுங்க, நான் இன்னா பண்ண?" என்றாள்.

போன சனிக்கிழமை நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அளவு கொடுக்க வந்த ஒரு பிள்ளை தன் ஆடல் வகுப்பின் வம்பு எதையோ சொல்ல, மனைவி அதற்குச் சிரித்துக்கொண்டே, முடித்த விசிறியைத் தூக்கி மூன்றாவது பலகையில் வைத்தாள். இடது கையில் டேப் இருந்தது. அந்தக் கை பலகைப் பக்கமே வரவில்லை. அவள் ஓரத்தைப் பார்க்கவும் இல்லை.

நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னாங்க? ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கே" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடையில்தான் எனக்குப் பேச அனுமதி இல்லையே.